கடந்த ஏழு நாளில் ஒரு மணி நேரம்

ஓய்வு பெற்ற பிறகு நந்தனத்தில் இருக்கும் எங்கள் புள்ளிவிவர அலுவலகத்துக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை ஓய்வூதியக் காகிதங்களில் கையெழுத்துப் போட. இரண்டாவது முறை, புதிதாகச் சேர்ந்த கள ஆய்வாளர்களுக்கு என் அனுபவத்தைச் சொல்ல. அன்று ஒரு பெண் எழுந்து, "மேடம், ஜனங்க பொய் சொன்னா என்ன பண்ணணும்?" என்று கேட்டாள். "எழுதணும்" என்றேன். அறையே சிரித்தது. நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. விளக்கிச் சொல்வதற்குள் டீயும் சமோசாவும் வந்துவிட்டதால் கூட்டம் அத்துடன் முடிந்தது. சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

முப்பத்திரண்டு வருடம் என் வேலை, அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டி "உங்களுக்கு வேலை இருக்கா?" என்று கேட்பது. இப்படிக் கேட்பதற்கு அரசாங்கம் மாதச் சம்பளம் கொடுத்தது. மயிலாப்பூர், மந்தைவெளி, தி.நகர், அடையாறு, கடற்கரையோரக் குடியிருப்புகள் என்று என் எல்லை. குலுக்கல் முறையில் தேர்வாகும் வீடுகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, மொத்தம் நான்கு தடவை போக வேண்டும். முதல் தடவை ஊதுபத்தி விற்க வந்தவளைப் போல நடத்துவார்கள். நான்காவது தடவை சொந்தக்காரியைப் போல நடத்துவார்கள். அதற்குள் பட்டியலில் வேறு வீடு வந்துவிடும்.

பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கல்லூரியில் மூன்று வருடம் படித்த பொருளாதாரத்தை இரண்டு வாரத்தில் மறக்கடித்துவிட்டு, ஒரே ஒரு விதியை மண்டையில் ஏற்றினார்கள். கடந்த ஏழு நாளில், ஏதாவது ஒரு நாள், ஒரு மணி நேரமாவது சம்பாத்தியத்துக்கான வேலை செய்தவர் வேலையில் இருப்பவர். அப்பாவின் மளிகைக்கடையில் ஒரு மணி நேரம் கல்லாவில் உட்கார்ந்து மொபைல் பார்த்த எம்.இ. பட்டதாரிகூட வேலையில் இருப்பவர்தான். அவருக்கே அது தெரியாது. நாங்கள் சொல்லவும் மாட்டோம்.

விதியைக் கேட்டபோது எனக்கும் சிரிப்பு வந்தது. தெருவில் இறங்கிய பிறகுதான் அதற்குள் எவ்வளவு இருக்கிறது என்று புரிந்தது. கடற்கரைக் குடியிருப்பில் மீன் விற்கும் ஓர் அம்மாவிடம், "போன வாரம் வேலை தேடினீங்களா?" என்று கேட்டேன். கூடையைத் தலையிலிருந்து இறக்காமலே பதில் வந்தது.

"இன்னா மேடம் கேள்வி இது? வேலய நா எதுக்குத் தேடணும்? அதுதான் தெனம் காலீல வந்து என்னிய எயுப்பிக்கினு கீதே!"

அந்தத் தெரு முழுக்கக் கேட்டேன். வேலையில்லாதவர் ஒருவர்கூட இல்லை. அதே வாரம் அடையாறில், காரும் ஏசியும் உள்ள அடுக்குமாடியில், மூன்று வீட்டுக்கு ஒருவர் வேலையில்லாமல் இருந்தார். தனக்குத் தகுந்த வேலை வரும்வரை காத்திருக்க ஒரு வசதி வேண்டும். மீன்காரம்மா ஒரு நாள் காத்திருந்தால் மறுநாள் அடுப்பு எரியாது. அதனால் எங்கள் படிவத்தில் அவர் கொடுத்துவைத்தவர், அடையாறு பரிதாபத்துக்குரியது. புள்ளிவிவரத்தை நம்பி யாராவது உதவி செய்யக் கிளம்பினால் நேராக அடையாறுக்குத்தான் போவார்.

மந்தைவெளியில் ஒரு வீட்டம்மா, "நான் சும்மாதான் இருக்கேன்" என்றார். படுக்கையில் கிடந்த மாமனாரைத் திருப்பிப் படுக்க வைத்துக்கொண்டே சொன்னார். சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதாகப் பேச்சுவாக்கில் வந்தது. அதற்குப் பணம் வாங்குகிறாரா என்று கேட்டு, ஆமாம் என்றதும் அவரை வேலையில் இருப்பவர் என்று எழுதினேன். "ஐயோ, அதெல்லாம் ஒரு வேலையா!" என்று பதறினார். மாமனாரைப் பார்த்துக்கொள்ளும் பத்து மணி நேரத்துக்கு எங்களிடம் கட்டம் இல்லை. உட்கார்ந்த இடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்த ஒரு மணி நேரத்துக்கு இருந்தது.

பிறகு டேப்லெட் வந்தது, கூடவே புது மாதிரி வேலைகளும் வந்தன. தி.நகரில் உணவு டெலிவரி செய்யும் ஓர் இளைஞர் தன்னைப் "பார்ட்னர்" என்று சொல்லிக்கொண்டார். கம்பெனி அப்படித்தான் அவரைக் கூப்பிடுகிறதாம். "பார்ட்னர்னா எதுலப்பா பங்கு?" என்று கேட்டேன். "பெட்ரோல் செலவுல மேடம்" என்றார். விதிப்படி அவர் சுயதொழில் செய்பவர், அதாவது முதலாளி. சொன்னதும் டேப்லெட் திரையைப் போட்டோ எடுத்துத் தன் அம்மாவுக்கு அனுப்ப வேண்டும் என்று அடம்பிடித்தார். முடிவுகள் வெளியாகும் நாளில் தொலைக்காட்சியில் ஒரு கட்சிக்காரர், "பாருங்கள், வேலை பெருகிவிட்டது" என்பார். இன்னொருவர் அதே எண்ணைக் காட்டி, "பாருங்கள், மக்கள் திண்டாடுகிறார்கள்" என்பார். இரண்டு பேர் சொல்வதும் சரி என்று எனக்குத் தெரியும். அந்த எண்ணுக்குள் என் மீன்காரம்மாவும் முதலாளியும் சேர்ந்து உட்கார்ந்திருப்பார்கள்.

எங்கள் கண்காணிப்பாளர் சேவியர் சார். சாந்தோம்காரர். தாத்தாவுக்குத் தாத்தா காலத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு அதே பங்குக் கோயில், குடியிருக்க அதே தெரு. குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. நாங்கள் அனுப்பும் ஒவ்வொரு படிவத்தையும் திரையில் ஒரு வரி விடாமல் படிப்பார். சந்தேகம் வந்தால் துண்டுக் காகிதத்தில் அந்தக் கட்டத்தின் எண்ணைப் பென்சிலால் எழுதிச் சுற்றி வட்டம் போடுவார். பிறகு நம்மைக் கூப்பிட்டு, எப்போதும் ஒரே கேள்வி: "இது அவங்க சொன்னதா, நீங்க நினைச்சதா?" நினைத்ததை எழுதியிருந்தால் மறுபடி வெயிலில் போக வேண்டும். சொன்னதை எழுதியிருந்தால், அது பச்சைப் பொய்யாக இருந்தாலும், காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுவார்.

இன்னொரு பிடிவாதமும் அவருக்கு உண்டு. கேள்வி கேட்பதற்கு முன்னால், நீங்கள் சொல்லும் தகவல் ரகசியமாக வைக்கப்படும், வேறு யாரிடமும் சொல்லப்படாது என்ற உறுதிமொழியை முழுதாக வாசிக்க வேண்டும். "ஜெபம் மாதிரி வாசிக்கக் கூடாது வசந்தா. அவங்க முகத்தைப் பார்த்து வாசிக்கணும்" என்பார். பலர் அதற்குள் பாலைப் பார்க்க உள்ளே போய்விடுவார்கள். ஒருவர் மட்டும் கவனமாகக் கேட்டார்.

அவர் பெயர் ஜெரோம். அடையாறில் இரண்டாவது மாடி. அம்மாவும் அவரும்தான். அன்று சனிக்கிழமை. அம்மாதான் பேசினார்: பையன் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறான், தினமும் எட்டரைக்கெல்லாம் கிளம்பிவிடுவான், லீவு நாளில்தான் முகத்தைப் பார்க்க முடிகிறது. ஜெரோம் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினார். நான் எழுதிக்கொண்டு இறங்கினேன். முதல் மாடித் திருப்பத்தில் பின்னாலேயே வந்தார்.

"மேடம், அம்மா சொன்னதை அனுப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்லப்பா."

"அப்போ மாத்திடுங்க. வேலை போயி நாலு மாசம் ஆச்சு. காலைல கிளம்பி கிண்டி ஸ்டேஷன்ல போய் உக்காந்துக்கறேன். அங்கேர்ந்துதான் எல்லா இடத்துக்கும் அப்ளை பண்றேன்."

எதற்காக என்னிடம் சொல்கிறார் என்று புரியாமல் நின்றேன். அவரே சொன்னார்: "யார்கிட்டயாவது சொல்லணும்போல இருந்துது மேடம். நீங்கதான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு இப்போ படிச்சீங்களே."

படியிலேயே உட்கார்ந்து, வேலையில்லாதவருக்கு என்று கூடுதலாக இருக்கும் கேள்விகளையும் கேட்டு முடித்தேன். இறங்கும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. வீட்டில் சொல்லாத உண்மையை நான் வாங்கிவிட்டேன் அல்லவா.

அடுத்த மாதம் சாந்தோமில் ஒரு வீடு. அப்பா ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், மகள் பெனிட்டா பள்ளியில் பிளஸ் டூவுக்குப் பொருளாதார ஆசிரியை. மகள் பள்ளிக்குப் போயிருந்தாள். அம்மா காபியும் அச்சு முறுக்கும் கொடுத்து எல்லோருக்குமான பதிலையும் அவரே சொன்னார். பிறகு கல்யாணப் பேச்சு வந்தது.

"போன ஞாயித்துக்கிழமை மொத ஓலை படிச்சாச்சு மேடம்" என்றார். நான் விழித்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில், இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று சாமியார் வாசிப்பாராம். அதுதான் ஓலை. இரண்டு பேருடைய பங்குக் கோயிலிலும் வாசிப்பார்கள். சொல்லிவிட்டுப் போனில் மாப்பிள்ளையின் படத்தைக் காட்டினார். அடையாறு, முதல் மாடித் திருப்பம், ஜெரோம்.

"நீங்க அடையாறு பக்கமும் போவீங்களாமே? பையன் வேலை எப்படின்னு கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லுங்களேன். எங்க ஆளுங்ககிட்ட கேட்டா நல்லதாத்தான் சொல்வாங்க. நீங்க வெளி ஆளு. உங்களுக்கு இதுல லாபமும் இல்ல, நஷ்டமும் இல்ல."

கல்யாணச் சந்தையில் விற்பவனுக்குத் தெரிந்தது வாங்குபவனுக்குத் தெரியாது என்று பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். பழைய காரை வைத்துத்தான் உதாரணம் சொல்வார்கள். இரண்டு பக்கமும் தெரிந்த மூன்றாவது ஆள் ஒருத்தி, வாயில் அச்சு முறுக்குடன் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும் என்று அதில் போடவில்லை. "பார்க்கலாம்மா" என்று எதையோ உளறிவிட்டு எழுந்துவிட்டேன்.

மறுநாள் சேவியர் சாரிடம் போனேன். ஜெரோம் பெயரைச் சொல்வதற்குள் கையமர்த்தினார்.

"மொத ஓலை படிச்சப்பவே எனக்குத் தெரியும்மா. அது எங்க கோயில்தான். ஃபாதர் பேரைச் சொன்னார், அடையாறுன்னார். அதுக்கு முந்தின வாரம்தான் நீங்க அனுப்பின படிவத்தைப் பார்த்திருந்தேன். 'நல்ல இடம்'னு என் வீட்ல காதுல சொன்னாங்க. நானும் ஆமான்னேன்."

"தடை தெரிஞ்சா சொல்லணும்னு ஓலைலயே இருக்காமே சார்?"

"நெருங்கின சொந்தமா இருந்தா தடை. ஏற்கெனவே கல்யாணமாகி இருந்தா தடை. வேலை இல்லாதது தடை இல்ல. கோயில்லயும் அதுக்குக் கட்டம் கிடையாது."

"ஒரு பொண்ணு வாழ்க்கை சார். இன்னும் ரெண்டு ஞாயித்துக்கிழமைதான் இருக்கு. அந்தம்மாகிட்ட நான் என்ன சொல்லட்டும்?"

அவர் சாந்தோம் படிவத்தைத் திரையில் திறந்தார். நிதானமாகப் படித்தார். துண்டுக் காகிதத்தில் ஓர் எண்ணை எழுதி வட்டம் போட்டு என் பக்கம் தள்ளினார்.

"இந்தப் பொண்ணு விவரமெல்லாம் அவங்க சொன்னதா, அம்மா சொன்னதா?"

"அம்மா சொன்னது சார்."

"பொண்ணு ஊர்லதானே இருக்கு? அவங்களையே நேர்ல பார்த்துக் கேட்டுட்டு வாங்க."

என்னைப் படிவத்துக்காக அனுப்பினாரா, அந்தப் பெண்ணுக்காக அனுப்பினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவரிடம் நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் படிவத்துக்காக என்றுதான் சொல்லியிருப்பார்.

பள்ளி விட்டு வந்த களைப்போடு பெனிட்டா எனக்கு எதிரில் உட்கார்ந்தாள். அம்மா சாயங்காலப் பூசைக்குப் போயிருந்தார். கேள்விக்குச் சரியாக எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு பதில். "உங்க டெஃபனிஷனைத்தான் மேடம் நான் கிளாஸ்ல நடத்தறேன். அந்த ஒரு மணி நேரம்னு சொன்னதும் பசங்க விழுந்து விழுந்து சிரிப்பாங்க" என்றாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது. டேப்லெட்டை மூடப் போனபோது கேட்டாள்.

"ஜெரோம் வீட்டுக்கும் நீங்கதானே மேடம் போறீங்க? சர்வே எடுக்க ஒரு மேடம் வந்தாங்கன்னு அவர் அம்மா சொன்னாங்க."

"எந்த வீட்டுக்குப் போறேன்னு சொல்லக் கூடாதும்மா."

"அவருக்கு வேலை இருக்கா?"

இருக்கிறது என்றால் பொய். இல்லை என்றால் துரோகம். தெரியாது என்றால் அதுவும் பொய். எனக்குத் தெரிந்த நேர்மையான வழி ஒன்றுதான் இருந்தது. அவள் முகத்தைப் பார்த்து, தகவல்கள் ரகசியமாக வைக்கப்படும் என்ற உறுதிமொழியை முழுதாகச் சொன்னேன்.

அவள் கடைசி வார்த்தைவரை கேட்டாள். "இதே கேள்வியை எங்க சித்தப்பாகிட்ட கேட்டேன். எங்க பிரின்சிபால்கிட்ட கேட்டேன். ரெண்டு பேரும் அவரை நேர்ல பார்த்ததுகூட இல்ல. அருமையான வேலைன்னாங்க. நீங்க ஒருத்தர்தான் சட்டத்தைப் படிச்சுக் காட்டறீங்க."

"வேலை இருந்தாலும் இதையேதான் படிச்சிருப்பேன்மா."

"இருந்திருந்தா சிரிச்சுக்கிட்டே படிச்சிருப்பீங்க மேடம்."

நான் அப்போதாவது சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை. பொருளாதாரம் படித்தவளிடம் மௌனத்தைக் கொண்டுபோய் வைத்தால் அவள் அதற்கும் ஒரு மதிப்புப் போட்டுவிடுவாள் என்பது, பொருளாதாரம் படித்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு வார்த்தை மீறாமல், விதியை எழுத்துக்கு எழுத்து காப்பாற்றி, அந்தப் பையன் மாடிப்படியில் என்னிடம் நம்பிக் கொடுத்ததை அவள் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது ஓலை படித்தார்கள். அதற்கு அடுத்த ஞாயிறும் கழிந்து, திங்கட்கிழமை சேவியர் சார் என் மேஜைக்கு வந்தார். பொதுவாக அவர் யாருடைய மேஜைக்கும் வருவதில்லை.

"நேத்து மூணாவது ஓலை படிக்கலைம்மா" என்றார். சொல்லிவிட்டு, பேசுவதற்கு வேறு எதுவும் இல்லாதவரைப் போல ஜன்னலைத் திறந்து சாத்திவிட்டுப் போனார்.

எனக்கு நிம்மதியும் அவமானமும் ஒன்றாக வந்தன. பெண் ஒன்றும் தெரியாமல் போய் மாட்டிக்கொள்ளவில்லை என்ற நிம்மதி. எனக்குச் சம்பந்தமில்லாத ஒரு நிம்மதிக்காக ஒருவனை விற்றுவிட்டேனே என்ற அவமானம். எது அதிகம் என்று அப்போது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. இப்போது கேட்டால் அவமானம்தான் என்று சொல்வேன்.

அடையாறு வீட்டுக்கு மறுபடி போக வேண்டிய நாள் வந்தது. வேறு ஆளை அனுப்பும்படி சாரிடம் கேட்டுப் பார்த்தேன். அதே வீட்டுக்கு அதே ஆள் போனால்தான் ஒப்பிட முடியும் என்று விதி இருக்கிறது. செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குப் போனேன். ஜெரோம்தான் கதவைத் திறந்தார். லுங்கி, நான்கு நாள் தாடி. இப்போது கிண்டிக்குப் போக வேண்டிய அவசியம் இல்லை போலிருக்கிறது. அம்மா உள் அறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

"உக்காருங்க மேடம்" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"நான் அந்தப் பொண்ணுகிட்ட எதுவும் சொல்லலப்பா" என்றேன்.

"பெனிட்டாவும் அதைத்தான் சொன்னா. நீங்க எதுவுமே சொல்லலையாம். கடைசி ஓலைக்கு முன்னாடி நானே சொல்லிடணும்னு இருந்தேன் மேடம். ஒரு இன்டர்வியூ ரிசல்ட் வரவேண்டி இருந்துது. கையில அதோட போய்ச் சொல்லலாமேன்னு பார்த்தேன்."

அந்த முடிவு என்ன ஆயிற்று என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். பழக்கதோஷம், "நீங்கள் சொல்லும் தகவல்" என்று உறுதிமொழி வந்துவிட்டது.

"அது வேணாம் மேடம். கேள்வியை மட்டும் கேளுங்க."

கேட்டேன். கடந்த ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள், ஒரு மணி நேரமாவது.

"ஏழு நாள்ல அஞ்சு நாள் வேலை. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம். சாஃப்ட்வேர் கம்பெனி. மாசச் சம்பளம்."

நிமிர்ந்து பார்த்தேன். லுங்கியை இழுத்துச் சரிசெய்துகொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொன்னது அது. நான் நினைத்தது வேறு. நினைத்ததை எழுத எனக்கு அதிகாரம் இல்லை. ஐந்து நாளுக்கும் எட்டு எட்டாகப் பதிந்தேன். போன தடவை உண்மையைப் பதிந்தபோது ஏன், எப்போதிலிருந்து, எப்படி என்று கூடுதல் கேள்விகளைக் கேட்டுத் துளைத்த டேப்லெட், இந்தத் தடவை ஒன்றும் கேட்காமல் அடுத்த பக்கத்துக்குப் போனது. இந்த நகரத்தில் வேலையில்லாதவர் ஒருவர் குறைந்தார்.

"எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன்."

"அடுத்தது எப்போ வருவீங்க?"

"மூணு மாசம் கழிச்சுப்பா."

"வாங்க. அதுக்குள்ள நிஜமாவே வேலை கிடைச்சாலும் இதே பதிலைத்தான் சொல்வேன் மேடம்" என்றார் ஜெரோம், எனக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு. "உங்களுக்கு வித்தியாசம் தெரியப் போறதில்ல."